நெல்லைத் தப்பவிட்டுப் புல்லைக் கொல்லும் மருந்து சில வயலில் ஏன் தவறிப் போகிறது?

கேள்வி திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்து விவசாயி ஒருவரிடமிருந்து வந்தது. சுருக்கம் இதுதான்: சேற்று விதைப்பு, மூன்றரை மாத நெல். விதைத்து 24ஆம் நாள் பிஸ்பைரிபக் சோடியம் என்ற களைநாசினியை அடித்திருக்கிறார். 16 லீற்றர் தாங்கிக்கு 16 மில்லிலீற்றர், ஏக்கருக்கு ஐந்து தாங்கி. ஒரே வேலையாக முடியட்டும் என்று பூச்சி மருந்தையும் அதிலேயே கலந்திருக்கிறார். வயலில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. பத்து நாளில் கோரை மஞ்சளாகிப் பழுத்துவிட்டது, புல்லில் பாதி அப்படியே நிற்கிறது, நெல்லும் வெளிறிவிட்டது. அதே கடையில் அதே மருந்தை வாங்கிய பக்கத்து வயல்காரருக்கோ நன்றாக வேலை செய்திருக்கிறது. "இது கள்ள மருந்தா? நெல் எது, புல் எது என்று மருந்துக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கிறார்.

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். மருந்துக்கு ஒன்றும் தெரியாது. அது நெல்லுக்குள்ளும் போகிறது, நெல்லைப் போலவே தோன்றும் களைப்புல்லான நெற்சப்பிக்குள்ளும் போகிறது. பிஸ்பைரிபக் தாக்குவது ஏ.எல்.எஸ். என்ற நொதியை. வலின், லியூசின், ஐசோலியூசின் என்ற மூன்று அமினோ அமிலங்களைச் செடி தயாரிப்பது அந்த நொதியால்தான். அது நின்றால் புதிய புரதம் இல்லை, புதிய குருத்து இல்லை. அடித்து ஓரிரு நாளில் வளர்ச்சி நிற்கும். ஆனால் பழைய இலை பச்சையாகவே இருக்கும். காய்ந்து சாக இரண்டு மூன்று வாரம் எடுக்கும். ஐந்தாம் நாள் வரம்பில் நின்று பார்த்துவிட்டு "மருந்து வேலை செய்யவில்லை" என்று இன்னொரு முறை அடிப்பவர்கள் பலர். அது வீண் செலவு, நெல்லுக்கும் கூடாது.

இந்த நொதி நெல்லிலும் உண்டு. பிறகு நெல் எப்படித் தப்புகிறது? நெல் அந்த மருந்தைச் செரித்துவிடுகிறது. சைட்டோகுரோம் பி450 என்ற நொதிக் கூட்டம் மருந்தின் மூலக்கூற்றை உடைத்து நஞ்சில்லாத பொருளாக்கிவிடும். சின்ன நெற்சப்பியால் அந்த வேகத்தில் செரிக்க முடியாது. ஆக, இது ஒரு ஓட்டம்: உள்ளே வரும் வேகம் ஒரு பக்கம், உடைக்கும் வேகம் மறுபக்கம். நெல் வெல்கிறது, புல் தோற்கிறது. அளவைக் கூட்டினாலோ, நெல்லை வாட்டினாலோ, செரிக்கும் நொதியை வேறு மருந்தால் கட்டிப்போட்டாலோ நெல்லும் தோற்கும். அளவைக் குறைத்தாலோ, புல்லை முற்றவிட்டாலோ புல்லும் வெல்லும். "தெரிந்து கொல்லுதல்" என்பது போத்தலுக்குள் அடைத்து வருவதில்லை. அது வயலில், அந்த நாளில், அந்த அளவில் நடப்பது.

இதை மிகத் தெளிவாகக் காட்டுவது புரோப்பனில். முன்பு இங்கே நெல் வயலெல்லாம் அடித்தது, பின்னர் தடைசெய்யப்பட்டது. அது ஒளித்தொகுப்பை நிறுத்தும் மருந்து. நெல் இலையில் ஏரைல் அசைலமிடேஸ் என்ற நொதி நிறைய இருப்பதால் நெல் அதை இரண்டு துண்டாக வெட்டிப் போட்டுவிடும். நெற்சப்பியிடம் அந்த நொதி மிகக் குறைவு. ஆனால் ஒகனோபொஸ்பேற்று, காபமேற்று வகைப் பூச்சி மருந்துகள் அதே நொதியை முடக்கும். புரோப்பனிலோடு அவற்றைக் கலந்தாலோ, ஓரிரு வார இடைவெளிக்குள் அடித்தாலோ நெல்லின் இலை தீய்ந்து போகும். இரண்டு மருந்தும் தனித்தனியாக நெல்லுக்குக் கெடுதி செய்யாதவைதான், சேர்ந்தால் தீக்கும். புரோப்பனில் போனாலும் அந்தப் பாடம் போகவில்லை. மலத்தியான் பி450 நொதிகளை முடக்கும். ஒரு களை செரித்துத்தான் தப்புகிறதா என்று ஆய்வுகூடத்தில் சோதிக்க மலத்தியானைத்தான் பாவிக்கிறார்கள். கேட்டவர் கலந்த பூச்சி மருந்தின் பெயரைச் சொல்லவில்லை. அது இந்த வகையாக இருந்தால் நெல் வெளிறியதற்குக் காரணம் தேடி வேறெங்கும் போக வேண்டாம்.

மற்ற மருந்துகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியில் நெல்லை விட்டுவிடும். சைஹலோஃபொப் பியூட்டைல் கொழுப்பமிலம் செய்யும் நொதியைத் தாக்கும். போத்தலில் இருக்கும்போது அது வீரியமற்ற எஸ்டர். நெற்சப்பி அதைச் செரிக்கப்போய்த் தானே நஞ்சாக்கிக்கொள்கிறது. நெல்லோ இன்னும் ஒரு படி போய் அதை வெறும் பொருளாக்கிவிடுகிறது. கோரையிலும் அகன்ற இலைக் களையிலும் இந்த மருந்து குந்துமணியளவும் வேலை செய்யாது, ஏனென்றால் அவற்றின் அந்த நொதி வேறு அமைப்பு. பிரெட்டிலாக்குளோர் இன்னொரு விதம். அது முளைக்கும் விதையைக் கொல்வது, நெல்லையும் கொன்றுவிடும். அதனால்தான் சேற்று விதைப்புக்கான போத்தலில் ஃபென்குளோரிம் என்ற காப்பானையும் சேர்த்திருக்கிறார்கள். முளை கட்டிய நெல்லின் வேர் அந்தக் காப்பானை எடுத்து, குளுட்டதயோன் என்ற தன் சொந்தப் பொருளோடு மருந்தைப் பிணைக்கும் நொதிகளைப் பெருக்கிக்கொள்கிறது. வேர் இல்லாவிட்டால் காப்பு இல்லை. முதலிக்குளம் பக்கம் மானாவாரியில் புழுதி விதைப்புச் செய்பவர், சேற்று விதைப்புக்காரர் பாவிக்கும் போத்தலை அப்படியே எடுத்து அடிக்கக்கூடாது என்பது இதனால்தான்.

கோரைக்கும் அகன்ற இலைக் களைக்கும் அடிக்கும் எம்.சி.பி.ஏ. பழைய ஆள். அது செடியின் வளர்ச்சி ஓமோனைப் போல நடிக்கும். அகன்ற இலைச் செடி தறிகெட்டு முறுக்கி வளர்ந்து, தண்டு வெடித்துச் சாகும். நெல்லின் இலை ஒடுக்கமாக, மெழுகோடு, நிமிர்ந்து நிற்கும். குருத்து உறைக்குள் மறைந்திருக்கும். உள்ளே போன கொஞ்சத்தையும் நெல் உடைத்துவிடும். ஆனால் அந்தக் காப்பு எல்லா நாளும் இல்லை. இரண்டு மூன்று இலைப் பருவத்தில் அடித்தால் நெல் இலை வெங்காயத்தாள் போலச் சுருண்டு குழலாகும். பயிருக்குள் கதிர் உருவாகத் தொடங்கிய பிறகு அடித்தால் பதர் கூடும். மூன்று மாத நெல்லில் அது விதைத்து நான்கு வாரத்துக்குள்ளேயே தொடங்கிவிடும், மூன்றரை மாத நெல்லில் ஏறத்தாழ நாற்பதாம் நாள். கணக்கு எளிது: நெல்லின் மொத்த நாளில் 65ஐக் கழியுங்கள். சந்தேகமென்றால் ஒரு தாய்த் தட்டையைப் பிடுங்கி, அடியிலிருந்து நெடுக்காகப் பிளேட்டால் பிளந்து பாருங்கள். கடைசிக் கணுவுக்கு மேலே ஒரு மில்லிமீற்றரில் வெள்ளைப் பஞ்சு முனை மாதிரி ஒன்று தெரிந்தால் எம்.சி.பி.ஏ. போத்தலை மூடி வையுங்கள். "நான்கு வாரத்தில் அடி" என்று எல்லா நெல்லுக்கும் ஒரே நாள் சொல்பவர்கள் மூன்று மாத நெல்காரருக்குச் செய்வது உதவியில்லை.

வயலில் களையாக முளைக்கும் பன்றிநெல்லுக்கு ஏன் மருந்து இல்லை என்று அடிக்கடி கேட்கிறார்கள். அதுவும் நெல்தான், நெல் செரிப்பதையெல்லாம் அதுவும் செரிக்கும். மருந்துக்குத் தாங்கும் நெல்லினத்தை வளர்த்து அதற்கு மேல் அடிப்பது ஒரு வழி. மலேசியாவில் 2010இல் அப்படியொரு இனத்தை விட்டார்கள். மகரந்தம் மாறி அந்தத் தாங்கும் குணம் பன்றிநெல்லுக்கும் போய்விடும் என்பதே அதன் பலவீனம்.

இனி வயலுக்கு வருவோம்.

முதலில் புல்லின் பெயர். நெற்சப்பியை நெல்லிலிருந்து பிரிக்க, இலை உறையைவிட்டு விலகும் மடிப்பைப் பார்க்க வேண்டும். நெல்லில் அங்கே வெள்ளையாக மெல்லிய நாக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், இரு பக்கமும் மயிரோடு காது மாதிரி இரண்டு இருக்கும். நெற்சப்பியில் நாக்கும் இல்லை, காதும் இல்லை. மடிப்பு வழவழவென்று வெறுமையாக இருக்கும். இது தெரிந்தால் இரண்டு இலைப் பருவத்திலேயே பிரித்துவிடலாம். லெப்டோகுளோவா என்ற மெல்லிய புல்லில் குட்டையான, கிழிந்த நாக்கு இருக்கும். இது முக்கியம்: பிஸ்பைரிபக் நெற்சப்பியைக் கொல்லும், லெப்டோகுளோவாவைச் சரியாகக் கொல்லாது. அதற்கு சைஹலோஃபொப் வேண்டும். கேட்டவரின் வயலில் நிற்கும் "பாதிப் புல்" எது என்று முதலில் பிடுங்கிப் பார்க்கட்டும். அது லெப்டோகுளோவா என்றால் மருந்து உண்மையானதுதான். அதற்கு உரியதல்லாத புல்லை அதனிடம் கொடுத்திருக்கிறார்.

அடுத்தது வயது. இலைக்கு அடிக்கும் மருந்துகளின் அளவெல்லாம் இரண்டிலிருந்து நான்கு இலைப் புல்லை மனதில் வைத்து எழுதியது. திருகோணமலை வெயிலில் 24ஆம் நாள் நெற்சப்பி ஐந்தாறு இலையோடு கிளை வெடித்து நிற்கும். மருந்து வேண்டிய இடம் பல மடங்கு, செரிக்கும் சக்தியும் கூட. நாளை எண்ணாதீர்கள், இலையை எண்ணுங்கள். முழுதாக விரிந்த இலையைத்தான் எண்ண வேண்டும், சுருண்டிருக்கும் குருத்தை விட்டுவிடலாம்.

தண்ணீர் விஷயத்தில்தான் இங்கே அதிகம் பிழை நடக்கிறது. பிஸ்பைரிபக், சைஹலோஃபொப் இரண்டும் இலை வழியாகப் போகிறவை. கணுக்கால் அளவு தண்ணீரில் சின்னப் புல் மூழ்கியிருந்தால் மருந்து தண்ணீருக்குத்தான். முதல் நாளே வக்கடையைத் திறந்து, புல்லின் மூன்றில் இரண்டு பங்காவது வெளியே தெரியும்படி வடிக்க வேண்டும். சேறு ஈரமாக இருக்க வேண்டும், வெடிக்கக்கூடாது. அடித்து ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் மூன்று தொடக்கம் ஐந்து சென்ரிமீற்றர் தண்ணீர் கட்டி, ஒரு வாரமாவது குறையாமல் வைத்திருக்க வேண்டும். கந்தளாய்க் குளத்துத் தண்ணீரை முறை வைத்து விடும் காலத்தில் இந்தக் கடைசிப் பாதிதான் தவறுகிறது. வடித்துவிட்டு அடித்தார்கள், பிறகு எட்டு நாள் தண்ணீர் வரவில்லை; அடித்த புல் செத்தது, அதற்குள் காய்ந்த சேற்றில் லெப்டோகுளோவா புதிதாக முளைத்துவிட்டது. அது தண்ணீருக்கடியில் முளைக்காது, ஈரச் சேற்றில் பாய்ந்து முளைக்கும். ஆகவே முறைத் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டுவிட்டு, அதற்கு இரண்டு நாள் முன்னால் அடியுங்கள். மருந்து அட்டவணையை வாய்க்கால் அட்டவணையோடு பொருத்தாமல் அடிப்பதில் பொருளில்லை.

பிரெட்டிலாக்குளோருக்குக் கதை வேறு. அதை விதைத்த சில நாளுக்குள், புல் முளைக்குமுன், தேங்கிய தண்ணீர் இல்லாத ஈரச் சேற்றில் அடிக்க வேண்டும். அது சேற்றின் மேல் மெல்லிய படலமாகப் படியும். முளை அந்தப் படலத்தைத் துளைக்கும்போதுதான் சாகும். வயல் சமமில்லாவிட்டால் மேட்டில் சேறு காய்ந்து வெடித்து, வெடிப்புக்குள்ளிருந்து புல் வரும். பள்ளத்தில் தண்ணீரும் மருந்தும் சேர்ந்து தேங்கி நெல் அழுகும். ஒரே வயலில் இரண்டையும் பார்க்கலாம். பரம்படிப்பில் மிச்சம் பிடித்த காசை இந்த மேட்டிலும் பள்ளத்திலும் இரட்டிப்பாகக் கட்டுவோம்.

இப்போது அளவு. லேபிளில் ஏக்கருக்கு 120 மில்லிலீற்றர் என்றிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தாங்கிக்கு எவ்வளவு என்பது லேபிளில் இல்லை, உங்கள் காலிலும் கையிலும் இருக்கிறது. வெறும் தண்ணீரைத் தாங்கியில் ஊற்றி அளவைக் குறித்துக்கொண்டு, 5 மீற்றர் அகலம் 20 மீற்றர் நீளம், அதாவது 100 சதுர மீற்றர், வழக்கமான நடையில் அடியுங்கள். திரும்ப அளந்து ஊற்றிப் பார்த்தால் எவ்வளவு போனது என்று தெரியும். 3 லீற்றர் போயிருந்தால், ஏக்கர் 4047 சதுர மீற்றர் என்பதால் ஏறத்தாழ 121 லீற்றர், 16 லீற்றர் தாங்கியில் ஏழரைக்குக் கொஞ்சம் கூட. அப்போதுதான் தாங்கிக்கு 16 மில்லிலீற்றர் சரி. கேட்டவர் ஐந்து தாங்கியில் முடித்திருக்கிறார். போனது 80 மில்லிலீற்றர், மூன்றில் இரண்டு பங்கு. பக்கத்து வயல்காரர் அதே 16ஐ ஊற்றி, மெதுவாக நடந்து ஏழெட்டுத் தாங்கி அடித்திருப்பார். ஒரே போத்தல் இரண்டு வயலில் இரண்டு மருந்தாவது இப்படித்தான்.

முனையும் கணக்கில் வரும். களைநாசினிக்குத் தட்டை விசிறி முனை; பூச்சி மருந்துக்குப் பாவிக்கும் கூம்பு முனையும், புகைபோல ஊதும் பவர் ஸ்ப்ரேயரும் இதற்கல்ல. பொடித் துளி காற்றில் போய்விடும். ஒரு நிமிடம் பிடித்து அளந்து, புதிய முனையைவிடப் பத்து வீதம் கூட வந்தால் முனை தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள். கையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டு நடப்பதை விட்டு, முழங்கால் உயரத்தில் ஒரே மட்டமாகப் பிடித்து நேராக நடந்தால் பட்டை பட்டையாகத் தப்பும் புல் இருக்காது.

காற்றைப் பற்றிச் சிறுபோகக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. கச்சான் எழும்பினால் பத்து மணிக்கு மேல் அடிக்கும் மருந்து யார் வயலுக்கென்று யாருக்கும் தெரியாது. வரண்ட காற்றில் துளி இலையில் பட்டதும் காய்ந்துவிடும். வாடிய புல்லின் மெழுகு தடித்து மருந்தை உள்ளே விடாது. விடியற்காலை நல்லது, ஆனால் பனி சொட்டும் இலையில் அடித்தால் வழிந்துவிடும். பனி உலர்ந்து காற்று எழும்புவதற்குள் இருக்கும் இரண்டு மணித்தியாலம்தான் நேரம். பெரும்போகத்தில் எதிரி மழை. இலைக்கு அடிக்கும் மருந்துக்கு ஆறு மணித்தியாலம் மழை இல்லாமல் கிடைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்த்திகையில் பிற்பகல் மழை கறுத்துக்கொண்டு வரும் நாட்களில் மாலை அடிப்பது சூதாட்டம்.

எம்.சி.பி.ஏ. காற்றில் பக்கத்துக் கத்தரிக்கோ மிளகாய்க்கோ பப்பாசிக்கோ போனால் இலை சுருங்கி நரம்பு திரண்டு நிற்கும். அதைவிட மோசம், அதே தாங்கியைக் கழுவாமல் மிளகாய்க்குப் பூச்சி மருந்து அடிப்பது. மூன்று முறை கழுவினாலும் குழாயில் மிச்சம் இருக்கும். களைநாசினிக்கென்று ஒரு தாங்கியைத் தனியாக வைத்துக்கொள்வதே மலிவு.

கலப்பதில் இன்னொரு பொறி உண்டு. சைஹலோஃபொப்போடு எம்.சி.பி.ஏ.யைக் கலந்தால் கோரை சாகும், புல் தப்பிவிடும்; ஓமோன் மருந்து புல் மருந்தின் வேலையைத் தடுக்கிறது. முதலில் புல்லுக்கு, ஒரு வாரம் கழித்துக் கோரைக்கு என்று பிரித்து அடிக்க வேண்டும். மூதூர், கிண்ணியா கரையோரக் கிணற்றுத் தண்ணீர் உவர், வன்தண்ணீர். உப்பு வடிவில் வரும் எம்.சி.பி.ஏ. அதில் திரியும். வாய்க்கால் தண்ணீரைத் துணியில் வடித்துப் பாவிப்பது மேல்.

மேட்டு நிலப் பயிருக்கு ஒரு சொல். நிலாவெளி, குச்சவெளி மணலில் வெங்காயத்துக்கும் கடலைக்கும் அடிக்கும் முளைக்குமுன் மருந்து பயிரைத் தப்பவிடுவது ஆழத்தால்: மருந்து மேல் மண்ணில், விதை அதற்குக் கீழே. மணலில் ஒரு பெருமழை பெய்தால் மருந்து விதை இருக்கும் இடத்துக்கே இறங்கிவிடும். களிமண்ணுக்குச் சொன்ன அளவு மணலுக்கு மிஞ்சிவிடும்.

எல்லாம் சரியாகச் செய்தும் புல் நின்றால் எதிர்ப்பு. நெற்சப்பி புரோப்பனிலைத் தாங்கத் தொடங்கியது இலங்கையில் 1990களின் கடைசியிலேயே பதிவாகிவிட்டது. அது நெல்லின் வித்தையையே கற்றுக்கொண்டது; அதே வெட்டும் நொதியைத் தானும் கூட்டிக்கொண்டது. ஏ.எல்.எஸ். மருந்தையே போகத்துக்குப் போகம் அடித்தால் அங்கேயும் இதுதான். பெயர் மாறினால் போதாது; பிஸ்பைரிபக்கை விட்டு பெனொக்ஸ்சுலத்துக்குப் போவது அதே நொதியைத்தான் தாக்குவது. ஒரு போகம் பிரெட்டிலாக்குளோர், ஒரு போகம் சைஹலோஃபொப் என்று தாக்கும் இடத்தை மாற்றுங்கள்.

எது காரணம் என்று வயலே சொல்லும். தப்பிய புல் நேர் பட்டையாக நின்றால் நடையில் விட்ட இடம். மேட்டிலோ பள்ளத்திலோ திட்டாக நின்றால் தண்ணீர். எல்லாப் புல்லும் அரைகுறையாக மஞ்சளாகித் திரும்பத் தளிர்த்தால் அளவு குறைவு அல்லது புல் முற்றல். செத்த நெற்சப்பிக்குப் பக்கத்திலேயே அதே வயது நெற்சப்பி ஒன்று ஒன்றாகப் பச்சையாக நின்றால்தான் எதிர்ப்பைச் சந்தேகிக்க வேண்டும். அப்போது கமநல சேவை நிலையத்து விவசாயப் போதனாசிரியரைக் கூட்டிவந்து காட்டுங்கள். எந்த இனக் களையிலும் வாட்டமே இல்லாமல், கோரைகூட அசையாமல் இருந்தால் கள்ள மருந்தென்று நினைக்கலாம். கேட்டவருக்குக் கோரை பழுத்திருக்கிறது. மருந்து கள்ளமில்லை, அளவு, வயது, தண்ணீர் மூன்றும் சேர்ந்து புல்லைக் காப்பாற்றியிருக்கின்றன.

இப்போது பயிர் 34 நாள். இன்னொரு முறை பிஸ்பைரிபக் அடிக்க வேண்டாம், பூச்சி மருந்தும் ஓரிரு வாரம் வேண்டாம். தண்ணீரை ஐந்து சென்ரிமீற்றரில் நிறுத்துங்கள். புதிய குருத்து பச்சையாக வந்தால் நெல் தேறிவிட்டது, பிறகு யூரியா போடலாம். நிற்பது லெப்டோகுளோவா என்றால், லேபிள் அந்தப் பருவத்துக்கு அனுமதிக்கிறதா என்று பார்த்து சைஹலோஃபொப்பைத் தனியாக அடிக்கலாம். நெற்சப்பி என்றால் ஆள் இறக்கிப் பிடுங்குவதுதான், அதுவும் கதிர் வெளிவருமுன். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும், நெல் அறுக்குமுன்பே உதிர்த்தும் விடும். பிடுங்கியதை வரம்பில் போடாதீர்கள். ஈரத்தில் கணு வேர்விடும், கதிர் அங்கேயே முற்றும். சாக்கில் கட்டி மேட்டுக்குக் கொண்டுபோய் வெயிலில் காயவிடுங்கள்.